மழை வரும் வரை ராஜா!

2023 ஏப்ரலில் ஹோண்டா நிறுவனம் ஒரு நேரக் கணக்கை வெளியிட்டது: 7 நிமிடம், 44.881 விநாடி. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்கு வளையம் மலையும் காடுமாக 20.832 கிலோமீட்டர் நீளும் ஓடுதளம். ஹோண்டாவின் சிவிக் டைப்-ஆர் அதை அந்த நேரத்துக்குள் சுற்றி முடித்திருந்தது. முன்சக்கர இயக்கக் கார்களில் அதுவரை முதலிடத்தில் இருந்தது ரெனோ மெகான் ஆர்.எஸ். டிராஃபி-ஆர், 2019-ல் அது எடுத்துக்கொண்டது 7 நிமிடம் 45.389 விநாடி. ஏறக்குறைய எட்டு நிமிட ஓட்டத்தில் கிடைத்தது அரை விநாடி முன்னிலை.

அந்தச் சாதனையில் பலரும் கவனிக்காமல் கடந்துபோன ஒரு விவரம் உண்டு. ஷோரூமில் டைப்-ஆர் வாங்குகிறவருக்கு வண்டி மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயரோடு வரும். சாதனை ஓட்டத்துக்குப் பூட்டியிருந்ததோ அதே மிச்செலினின் பைலட் ஸ்போர்ட் கப் 2 கனெக்ட். முன்னது பெர்ஃபார்மன்ஸ் ரோடு டயர். பின்னது செமி-ஸ்லிக். அதுவும் சாலையில் ஓட்டச் சட்டப்படி அனுமதி உள்ள டயர்தான். வேண்டுமென்றால் டீலரிடம் தனியாகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

சாதனையைத் தேடித் தந்த டயரை ஏன் எல்லா டைப்-ஆர் காரிலும் ஆலையிலேயே பூட்டி அனுப்பவில்லை? விலைதான் காரணம் என்று நினைத்தால் பாதிதான் சரி. இந்தக் கேள்விக்கான விடையில்தான், வேகமாக ஓட்ட ஆசைப்படுகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இருக்கிறது. சென்னையிலும் கோவையிலும் ஹேட்ச்பேக் வைத்துக்கொண்டு, மாதத்தில் ஒரு ஞாயிறு ஓடுதளத்துக்கும் மற்ற நாட்களில் அலுவலகத்துக்கும் போகிற இளைஞர்கள் இன்று நிறையப் பேர். அவர்கள் வீட்டார் அதே காரின் பின்சீட்டில்தான் உட்கார்ந்து வருகிறார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

ரோடு டயரின் முகத்தில் சுற்றிவர ஓடும் அகலமான நீள்கோடுகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே குறுக்கு வெட்டுகள், சின்னச் சின்னக் கட்டைகள். நம்மூர் டயர் கடையில் ‘பட்டன்’ என்று சொல்வார்களே, அவைதான். புது டயரில் கோட்டின் ஆழம் 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். செமி-ஸ்லிக்கைத் திருப்பிப் பாருங்கள். வெளித்தோள் கிட்டத்தட்ட மொட்டை. நடுவில் இரண்டு நீள்கோடுகள், ஓரத்தில் சில கீறல்கள், அவ்வளவுதான். ஆழமும் 5, 6 மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது. கார் டயரில் 1.6 மில்லிமீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அப்படியென்றால் ரோடு டயரில் தேய்ந்து செலவாக ஆறு மில்லிமீட்டர் கிடைக்கிறது, செமி-ஸ்லிக்கில் நான்கு.

டயரில் வெட்டு அதிகமாக இருந்தால் பிடி அதிகம் என்பது ரொம்பப் பேருடைய நம்பிக்கை. காய்ந்த தார்ச்சாலையில் உண்மை இதற்கு நேர்மாறு. வெட்டு இருக்கும் இடத்தில் ரப்பர் இல்லை. ரப்பர் இல்லாத இடம் சாலையைத் தொடுவதில்லை. 1998-ல் ஃபார்முலா ஒன் கார்களின் வேகத்தைக் குறைக்க நினைத்த விதிமுறையாளர்கள், மொட்டை டயர்களில் கோடு போடச் சொன்னார்கள். முன் டயரில் மூன்று, பின் டயரில் நான்கு. அடுத்த ஆண்டே முன்னாலும் நான்காக்கினார்கள். 2009-ல்தான் மொட்டை டயர் திரும்பி வந்தது. கோடு, தண்ணீருக்காகச் சாலை டயர் கொடுக்கும் விலை.

இன்னொரு காரணம் பட்டனின் உயரம். வளைவில் கார் பக்கவாட்டில் அழுந்தும்போது உயரமான சின்னப் பட்டன்கள் வளைந்து நெளிகின்றன. ஸ்டியரிங்கைத் திருப்பிய கணத்துக்கும் கார் திரும்பும் கணத்துக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி விழுகிறது. நெளிய நெளியச் சூடும் ஏறுகிறது. செமி-ஸ்லிக்கின் தோளில் இருப்பதோ ஒரே பெரிய தட்டையான கட்டை. நெளிவு குறைவு. அதனால்தான் முதல்முறை அதை ஓட்டுகிறவர்களுக்குக் காரே மாறிவிட்டது போல் இருக்கிறது. அந்த அனுபவத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். திருப்பினால் உடனே திரும்பும், மிதித்தால் நிற்கும் கார் தரும் நம்பிக்கை உண்மையானது.

சூட்டில் விழிக்கும் ரப்பர்

மிச்சக் கதை முழுக்க ரப்பரின் கலவையில் இருக்கிறது. டயர்க்காரர்கள் காம்பவுண்ட் என்பார்கள். சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் அமுங்கிப் புகுந்து, வெளியே வரும்போது கொஞ்சம் ஆற்றலை விழுங்கிக்கொள்கிறது. பிடியின் பெரும்பகுதி அந்த விழுங்கலில் பிறக்கிறது. ரப்பர் இந்த வேலையை எந்தச் சூட்டில் நன்றாகச் செய்ய வேண்டும் என்பதைக் காம்பவுண்ட் தயாரிப்பவர் முன்கூட்டியே முடிவு செய்கிறார். ரோடு டயரை உருவாக்குகிறவர், அதிகாலையில் வாசலை விட்டுக் கிளம்பும் முதல் தெருமுனையிலேயே பிடி கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறார். செமி-ஸ்லிக் செய்கிறவரின் மனதில் இருப்பது ஓடுதளத்தின் மூன்றாவது சுற்று. டயரின் உடல் 70, 80 பாகை செல்சியஸைத் தாண்டியபிறகுதான் அது முழுத் திறமையைக் காட்டும். பத்து, இருபது நிமிடம் அந்தச் சூட்டிலேயே தாக்குப்பிடிக்கும்.

ரோடு டயர் அங்கே தாக்குப்பிடிக்காது. நல்ல பெர்ஃபார்மன்ஸ் டயர்கூட, ஓடுதளத்தில் விடாமல் விரட்டினால் சில சுற்றுகளில் சூடேறி, எண்ணெய் தடவியது போல் வழுக்க ஆரம்பிக்கும். மேலும் விரட்டினால் தோளில் இருக்கும் பட்டன்கள் பிய்ந்து உதிரும். அந்த டயர் அதற்காகச் செய்யப்படவில்லை.

“ஜெர்மனிக்காரனுக்கு வேண்டுமானால் குளிர்ப் பிரச்னை. நம் ஊரில் மே மாதம் தார்ச்சாலையே 60 பாகை கொதிக்கிறதே, செமி-ஸ்லிக் நமக்குத்தானே பொருத்தம்?” என்று ஒரு வாதம் உண்டு. அதில் ஒரு பங்கு நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 7 பாகைக்குக் கீழே ரப்பர் இறுகிப்போகும் தொல்லை ஊட்டியின் மார்கழிக் காலையைத் தவிர நம்மைத் தொடுவதில்லை. ஆனால் வெயில் செய்யும் வேலையும் வளைவு செய்யும் வேலையும் வேறு. அண்ணாசாலை நெரிசலில் நகரும் காரின் டயர் மேலே சுடும்; உள்ளே ஓடுதளத்துச் சூடு ஏறாது. மென்மையான ரப்பர் மட்டும் மளமளவென்று தேயும்.

தேய்வதற்கு முன்பே செத்துப்போவதும் உண்டு. செமி-ஸ்லிக் ஒருமுறை நன்றாகச் சூடேறி ஆறுவதை ஒரு வெப்பச் சுற்று என்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் கொஞ்சம் இறுகுகிறது. கோடு பாதி பாக்கி இருக்கும்போதே டயர் கட்டையாகிவிட்டது என்று ஓடுதளக்காரர்கள் தூக்கிப் போடுவது இதனால்தான். தினசரி ஓட்டத்தில் இந்தச் சுற்றுகளைச் செலவழிப்பது, விலை உயர்ந்த டயரைச் சந்தைக்குப் போய்வரும் வழியில் கரைத்துவிடுவதாகும்.

டயரின் பக்கச் சுவரில் ‘ட்ரெட்வேர்’ என்று ஓர் எண் இருக்கும். அமெரிக்க அரசின் தர முறைப்படி இடப்படும் எண் அது. பைலட் ஸ்போர்ட் 4எஸ்ஸில் 300. கப் 2-ல் 180. டோயோ ஆர்888ஆர்-ல் 100. எண் குறையக் குறைய ரப்பர் மென்மை, ஆயுள் குறைவு என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். டெக்சாஸ் மாநிலத்தின் சான் ஆஞ்செலோ பக்கம் சுமார் 640 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சாலைச் சுற்று இதற்கென்று இருக்கிறது. ஒப்பீட்டு டயரோடு சேர்த்து, சோதனை டயரை அங்கே மொத்தம் 11,500 கிலோமீட்டருக்குமேல் ஓட்டித் தேய்மானத்தை அளக்கிறார்கள். ஆனால் எண்ணைப் போடுவது டயர் நிறுவனமேதான்.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் கார் கிளப், சாதாரணத் தெருக் கார்களுக்கான போட்டிப் பிரிவில் ட்ரெட்வேர் 200-க்குக் குறைந்த டயர் கூடாது என்று விதி வைத்தது. உடனே ஒவ்வொரு நிறுவனமும் பக்கச் சுவரில் 200 என்று எழுதிய படுவேகமான டயரைச் செய்ய ஆரம்பித்துவிட்டது. பிரிட்ஜ்ஸ்டோனின் பொடென்சா ஆர்.இ-71ஆர்.எஸ்., யோகோஹாமாவின் அட்வான் ஏ052 எல்லாம் அந்த வரிசைதான். எண்ணை மட்டும் பார்த்தால் இவை கப் 2-ஐவிட நீண்ட நாள் உழைக்கும் ரோடு டயர்கள். குணத்தில் செமி-ஸ்லிக்கின் தம்பிகள். அதனால் எண்ணை நம்புவதைவிட, கோட்டின் ஆழத்தையும் தோளின் மொட்டையையும் கண்ணால் பார்த்து முடிவெடுப்பது நல்லது.

நொடிக்கு ஒரு குடம்

சென்னைக்கு ஆண்டில் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் ஏறக்குறைய அறுபது சதவீதம் வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. தூறலாக வருவதில்லை, அரை மணி நேரத்தில் சாலை குளமாகிவிடுகிறது. செமி-ஸ்லிக் பற்றிய பேச்சு இங்கே வந்துதான் முடிய வேண்டும்.

நனைந்த சாலையும் தண்ணீர் நிற்கும் சாலையும் வேறு வேறு. சும்மா ஈரமாக இருக்கும் தாரில், சூடான நல்ல செமி-ஸ்லிக் பரவாயில்லாமல் பிடிக்கும். ஏ052 போன்ற சில டயர்கள் ஈரத்தில் நன்றாகவே பிடிக்கின்றன. இதை ஒருமுறை அனுபவித்தவர்கள்தான் “நான் மழையில் ஓட்டியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை” என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் சந்தித்தது ஈரத்தை. தேங்கிய தண்ணீரில் ரப்பரின் கலவைக்கு வேலையே இல்லை. அங்கே கேள்வி ஒன்றுதான்: டயருக்கு அடியில் வரும் தண்ணீர் எங்கே போகும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். டயரின் அகலம் 205 மில்லிமீட்டர். வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். சாலையில் 3 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது. முன்சக்கரம் ஒவ்வொன்றும் நொடிக்கு 13 லிட்டருக்குமேல் தண்ணீரை விலக்கித் தள்ள வேண்டும். கிட்டத்தட்ட ஒரு குடம். அந்தக் குடம் போக வழி, டயரின் கோடுகள்தான். கோடு குறைவாகவும் மேலோட்டமாகவும் இருந்தால் தண்ணீர் வெளியேறாமல் டயருக்கு முன்னால் ஆப்பு போல் திரண்டு, டயரைத் தூக்கிவிடுகிறது. அந்தக் கணத்தில் ஸ்டியரிங் கையில் லேசாகிப் போகும். பிரேக்கை மிதித்தாலும் பயனில்லை, ஏபிஎஸ் இருந்தும் பயனில்லை. சக்கரம் தொட்டுக்கொண்டிருப்பது சாலையை அல்ல.

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் வால்டர் ஹார்ன் என்ற பொறியாளர் 1960-களில் விமான டயர்கள் ஓடுபாதைத் தண்ணீரில் மிதப்பதை ஆராய்ந்தார். கோடு தண்ணீரைக் கையாள முடியாமல் போனபின் டயர் எந்த வேகத்தில் மிதக்கும் என்பதற்கு அந்த ஆய்வு ஓர் எளிய சூத்திரம் தந்தது. அது டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. நம் அளவுக்கு மாற்றிச் சொன்னால், பி.எஸ்.ஐ. கணக்கில் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 16.65-ஆல் பெருக்கினால் வேகம் கிடைக்கும். காற்று 33 இருந்தால் மணிக்குச் சுமார் 96 கிலோமீட்டர். 26-க்கு இறங்கினால் 85. கோடு ஆழமான டயருக்கு இந்த எல்லை தள்ளிப்போகும். மொட்டைக்கு இதுவே எல்லை. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிரேக் தூரத்தையும் பார்த்துவிடலாம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், காய்ந்த சாலையில் உராய்வுக் குணகம் 1.0 தரும் ரோடு டயரில் சுமார் 39 மீட்டரில் நிற்கும். செமி-ஸ்லிக் 1.1 தருகிறது என்று வைத்துக்கொண்டால் 36 மீட்டருக்குச் சற்று முன்பே. லாபம் மூன்றரை மீட்டர். நூறில் போகும் கார் அந்த மூன்றரை மீட்டரைக் கடக்க எடுப்பது 0.13 விநாடி. அதாவது, போனைப் பார்க்காமல் சாலையைப் பார்த்து, விநாடியில் எட்டில் ஒரு பங்கு முன்னதாகக் காலை பிரேக்குக்குக் கொண்டுபோனால் ரோடு டயரிலேயே அந்த லாபம் கிடைத்துவிடும்.

மழைக்கும் அதே கணக்கு. ரோடு டயர் 0.6 பிடிக்கிறது, செமி-ஸ்லிக் 0.45-க்கு இறங்கிவிட்டது என்று ஓர் உதாரணத்துக்குக் கொள்வோம். முதல் கார் 65 மீட்டரில் நிற்கும். இரண்டாவதுக்கு 87 மீட்டர் வேண்டும். முதல் கார் நின்றுவிட்ட இடத்தைத் தாண்டும்போது இரண்டாவது கார் இன்னும் மணிக்கு 50 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருக்கும். எதிரில் நிற்பது ஷேர் ஆட்டோவாக இருக்கலாம், பள்ளிக்கூட வேனாக இருக்கலாம். வெயிலில் கிடைக்கும் லாபம் ஓட்டுகிறவருக்கு. மழையில் விழும் நஷ்டம் வழியில் இருப்பவர்களுக்கும் சேர்த்து. செமி-ஸ்லிக்கைத் தினசரி ஓட்டத்துக்குப் போடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் முதல் காரணம். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான் வரும்.

இந்த ஆபத்தைத் தயாரிப்பாளர்களே மறைப்பதில்லை. போர்ஷே தன் ஜிடி3 ஆர்எஸ் வகைக் கார்களை இப்படிப்பட்ட டயரோடுதான் தருகிறது; ஆழம் குறைந்த டயர் என்பதால் நனைந்த சாலையில் மிதக்கும் அபாயம் கூடுதல் என்பதையும் எழுத்தில் சொல்லிவிடுகிறது. அந்தக் காரை வாங்குகிறவர் வீட்டில் பெரும்பாலும் மழைக்கு வேறு கார் இருக்கும். நம் ஹேட்ச்பேக்காரருக்கு இருப்பது அந்த ஒன்றுதான்.

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வீடு வரை

சென்னையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம். 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் கைவண்ணம். சோழவரத்தில் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் 1990 வாக்கில் இங்கே வந்தார்கள். நீளம் 3.7 கிலோமீட்டர். நல்ல வேக வளைவுகள் உள்ள, டயரைத் தின்னும் தளம்.

சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்க விடும் டிராக் டே அன்று, கார்கள் வந்து நிற்கும் பிட் ஓரம் நின்றால் டயரைப் பற்றிப் புத்தகம் சொல்லாததெல்லாம் தெரியும். ஐந்தாறு சுற்று முடித்து உள்ளே வரும் காரின் செமி-ஸ்லிக்கில் விரல் நகத்தை வைத்து அழுத்தினால் தடம் விழுகிறது. மேலெல்லாம் பொடிக்கல், பிய்ந்த ரப்பர்த் துணுக்கு, காய்ந்த புல் என்று ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். மெதுவாக நகர்த்தும்போதே கற்கள் ஒவ்வொன்றாக மட்கார்டுக்குள் சடசடவென்று அடிக்கும். சூடான ரப்பரின் வாசனை மூக்கில் ஏறும்.

ஒரு பையன் தன் ஹேட்ச்பேக்கைக் கொண்டுவந்து நிறுத்தினான். மெக்கானிக் குந்தி உட்கார்ந்து கேஜை வைத்தார். காலையில் 30 வைத்து அனுப்பிய காற்று 37 காட்டியது. பத்து பாகை சூட்டுக்குச் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும், டயர் ஐம்பது பாகை ஏறியிருந்தால் கணக்கு சரியாகத்தான் வரும். அவர் 33-க்கு இறக்கினார்.

“தம்பி, காத்த இறக்கியிருக்கேன். கிளம்பறதுக்கு முன்னாடி மறுபடி ஏத்திக்கணும், மறந்துடாதீங்க.”

“சரிண்ணே, வெளியில பங்க்ல போட்டுக்கிறேன்.”

பெரும்பாலும் போடுவதில்லை என்பது அவருக்கும் தெரியும். காரின் பின்பக்கத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த காருக்குப் போனார். சூட்டில் 33 இருந்த டயர் ஆறினால் 26-க்கு வந்து நிற்கும். மேலே சொன்ன சூத்திரத்தில் 96 என்பது 85 ஆக இறங்கும் இடம் இதுதான். மாலை ஐந்து மணி. மேற்கே கருத்துக்கொண்டு வருகிறது. பாதி தேய்ந்த செமி-ஸ்லிக், 26 காற்று, லாரிகள் அழுத்தித் தடம் பதித்த நெடுஞ்சாலையில் தடத்துக்குள் தேங்கும் தண்ணீர், நாள் முழுக்க வேகத்தில் ஓட்டிப் பழகிய வலது கால். ஓடுதளத்தில் ஒரு நாளும் அடிபடாதவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில் அடிபடும் ஆபத்து இப்படித்தான் சேர்கிறது.

சின்னக் காருக்குப் பெரிய டயர்

செமி-ஸ்லிக் நினைத்த அளவில் கிடைக்காது. போலோ போன்ற ஒரு காரில் 185/60 ஆர்15 இருந்தால், ஓடுதள டயர்களில் அதற்குப் பக்கத்தில் வருவது 195/50 ஆர்15. சக்கரத்தின் மொத்த விட்டம் 603 மில்லிமீட்டரிலிருந்து 576-க்குக் குறைகிறது. ஸ்பீடோமீட்டர் நிஜத்தைவிட 4.7 சதவீதம் கூட்டிச் சொல்லும். கார் பதிமூன்று மில்லிமீட்டருக்குமேல் தரையை நெருங்கும். நம் தெரு ஸ்பீடு பிரேக்கர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. பக்கச் சுவர் தாழ்ந்து விறைத்திருப்பதால் குழியில் விழுந்தால் அடியை ரிம் வாங்கும்.

ஆலையிலிருந்து வரும் காரின் கேம்பர், அதாவது சக்கரத்தின் உள்சாய்வு, சாதாரண ஓட்டத்துக்கு வைத்தது. பிடி கூடினால் வளைவில் கார் இன்னும் அதிகமாகச் சாயும். சாய்ந்தால் முன் டயரின் வெளித்தோள் மட்டும் பாரத்தைச் சுமந்து தேயும். நடுவில் கோடு புதிதாக இருக்கும், ஓரம் மொட்டையாகியிருக்கும். வீல் பேரிங், பால் ஜாயின்ட், பிரேக் எல்லாமே ஆலை நினைத்ததைவிட அதிகமாக உழைக்க வேண்டும். இன்ஜினுக்கும் ஆபத்து உண்டு. நீண்ட வேக வளைவில், இன்ஜினுக்கு அடியில் உள்ள சம்ப் என்ற தொட்டியில் இருக்கும் ஆயில் ஒரு பக்கமாகத் திரண்டு, பம்ப் சில நொடி காற்றை உறிஞ்சும். ரோடு டயரில் அந்த அளவு பக்கவிசை வருவதற்கு முன்பே கார் வழுக்கிவிடும். ரோடு டயரின் வழுக்கல் ஒருவகையில் மற்ற உதிரிப்பாகங்களுக்குக் காவல்.

வழுக்கும் விதத்திலும் வித்தியாசம் இருக்கிறது. நல்ல ரோடு டயர் எல்லையை நெருங்கும்போது முனகும், கீச்சிடும், ஸ்டியரிங்கில் சொல்லும். விட்டுக்கொடுப்பதும் மெல்லத்தான். செமி-ஸ்லிக் உயரமான எல்லை வரைக்கும் அமைதியாகக் கூட்டிப்போய், அங்கே சட்டென்று கைவிடுவதுண்டு. அந்த நேரம் கார் எழுபதில் வழுக்காது, தொண்ணூறில் வழுக்கும். புதிதாக ஓடுதளத்துக்கு வருகிறவர்கள் ஒரு வருடமாவது நல்ல ரோடு டயரில் ஓட்டிப் பழக வேண்டும் என்று பயிற்சி கொடுப்பவர்கள் சொல்வதன் நியாயம் இதுதான். சூடேறி வழுக்க ஆரம்பித்தால் இரண்டு சுற்று மெதுவாக வந்து ஆறவைத்துவிட்டு மறுபடி போகலாம். கற்றுக்கொள்கிறவருக்கு அந்த இடைவேளையும் நல்லதுதான்.

வாங்கப் போனால்

திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்ய ஆரம்பித்த எம்.ஆர்.எஃப்., ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஜே.கே. என்று சென்னையைச் சுற்றியே டயர் ஆலைகள். எம்.ஆர்.எஃப். அணியின் எஃப்ரேன் யரேனா 2022-ல் ஐரோப்பிய ராலி சாம்பியன் பட்டத்தையே வென்றார். அந்த அறிவும் அனுபவமும் இங்கே இருக்கும்போது, சின்னக் கார் அளவுகளில் நல்ல ஓடுதள டயர் நம் கடைகளில் எளிதாகக் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆசைப்படும் பையன்களுக்கு யாரோ கொண்டுவந்த பழைய சரக்கு கதியாகக் கூடாது.

பழைய சரக்கு என்று சொல்லக் காரணம் உண்டு. 2009-ல் வந்த தர ஆணையின்படி இந்தியாவில் விற்கும் வாகன டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் சேர்த்தது. வெளிநாட்டு செமி-ஸ்லிக்குகள் அரிதாகிப்போனதால் “யூஸ் பண்ணாத டயர், சும்மா வச்சிருந்தது” என்று விற்பவர்கள் பெருகுகிறார்கள். பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 3519 என்றிருந்தால் 2019-ன் 35-வது வாரம் செய்தது. ஐந்தாறு வருடம் கிடங்கில் கிடந்த மென்மையான ரப்பர், ஓடாமலேயே இறுகியிருக்கும். அதைவிடப் போன மாதம் செய்த சாதாரண பெர்ஃபார்மன்ஸ் டயர், ஓடுதளத்திலும் வேகமாகப் போகலாம்.

தினசரி ஓட்டத்துக்கு என் சிபாரிசு தெளிவானது. காருக்குரிய அளவில், ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் பெர்ஃபார்மன்ஸ் ரோடு டயர் நான்கும் ஒரே மாடலில். கோடு 3 மில்லிமீட்டருக்கு வந்தால், சட்டம் சொல்லும் 1.6 வரை காத்திருக்காமல், பருவமழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். வருடத்தில் இரண்டொரு முறை ஓடுதளம் போகிறவர்களுக்கு இதுவே போதும்.

அடிக்கடி போகிறவர், பழகியவர், நேரத்தைக் குறைக்க வேண்டும் என்ற தீவிரம் உள்ளவர் செமி-ஸ்லிக் வாங்கட்டும். தனி ரிம்மில் மாட்டி, பின்சீட்டை மடக்கி நான்கையும் ஏற்றிக்கொண்டு போய், பிட்டில் மாற்றி, மாலையில் ரோடு டயருக்குத் திரும்பி வீட்டுக்கு வரட்டும். ஜாக்கி, வீல் ஸ்பேனர், டார்க் ரெஞ்ச், காற்று கேஜ், கையடக்கக் கம்ப்ரஸர், தேவை அவ்வளவுதான். முக்கால் மணி நேர வேலை. செமி-ஸ்லிக்கை வீட்டில் வெயில் படாத இடத்தில், உறை போட்டு வையுங்கள். மின்மோட்டாருக்குப் பக்கத்தில் வேண்டாம், அதிலிருந்து வரும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழச் செய்யும். ரிம் மாற்றியதும் நட்டுகளை டார்க் ரெஞ்சில் காரின் கையேடு சொல்லும் அளவுக்கு முறுக்கி, முதல் சில சுற்றுகள் முடிந்து டயர் ஆறியதும் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது ரோடு டயரிலும் காற்றைப் பாருங்கள்.